ஆற்றங்கரையில் கூடாரம், பெட்டிக்குள் புளிக்காய்ச்சல்

ஏப்ரல் பிறந்தாலே டெல்டாப் பக்கத்து அப்பா அம்மாக்கள் அமெரிக்காவுக்குப் பெட்டி கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். மகனோ மகளோ கலிபோர்னியாவில் இருந்தால் யோசெமிட்டி தேசியப் பூங்கா நிச்சயம் உண்டு. முன்பெல்லாம் ஹோட்டலில் தங்கி அருவியைப் பார்த்துவிட்டு வந்தார்கள், இப்போது பிள்ளைகள் ‘கேம்பிங்’ என்று ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்க வைக்கிறார்கள். அதைப் பற்றியே இத்தனை கடிதம் வந்திருப்பதால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. மகள் வீட்டுக்குப் போனபோது நானும் அங்கே தங்கியவள்தான், அதனால் கொஞ்சம் உரிமையோடே பேசுகிறேன்.

கும்பகோணம் வாசகி:
அக்கா, மகன் ஜூன் மாதம் எங்களை யோசெமிட்டிக்கு அழைத்துப்போய் லோயர் பைன்ஸ் என்ற இடத்தில் மூன்று ராத்திரி கூடாரத்தில் தங்க வைக்கப் போகிறானாம். காட்டுக்குள் துணிக் கூடாரத்திலா படுப்பது? அவருக்கு அறுபத்தெட்டு வயது, எனக்கு மூட்டு வலி. வேண்டாம் என்றால் பிள்ளை முகம் வாடிவிடுகிறது.

காடு என்று நினைத்துப் பயப்படுகிறீர்கள். போய் இறங்கினால் இவ்வளவு கூட்டமா என்றுதான் தோன்றும். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் மெர்செட் ஆற்றுப் பக்கமாக அப்பர் பைன்ஸ், லோயர் பைன்ஸ், நார்த் பைன்ஸ் என்று மூன்று முகாம்கள் இருக்கின்றன. அப்பர் பைன்ஸில் மட்டும் கூடாரம் போட இருநூற்றுச் சொச்சம் இடங்கள், மற்ற இரண்டிலும் எழுபது எண்பது என்று வரும். ஒரு இடத்துக்கு ஆறு பேர், இரண்டு வண்டி வரை அனுமதி. கோடையில் எல்லா இடமும் நிரம்பியிருக்கும், அப்படியானால் எத்தனை ஜனம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் நம்பர் போட்ட கம்பம், ஒரு மரமேஜை, நெருப்பு மூட்ட ஒரு இரும்பு வளையம், சாப்பாடு வைக்க ஒரு இரும்புப் பெட்டி, வண்டி நிறுத்த இடம், அவ்வளவுதான். நடுவில் சுவர் கிடையாது, நாலைந்து பைன் மரம்தான் மறைப்பு. பக்கத்துக் கூடாரத்தில் குறட்டை விட்டால் உங்களுக்குக் கேட்கும், உங்கள் வீட்டுக்காரர் விட்டால் அவர்களுக்கும் கேட்கும்.

ஆகையால் தனியாக மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தை விடுங்கள். யோசிக்க வேண்டியவை வேறு. முதலாவது குளிர். அந்தப் பள்ளத்தாக்கு கடல் மட்டத்துக்கு மேல் நாலாயிரம் அடியில் இருக்கிறது, ஜூனில் பகல் 27 டிகிரி வாக்கில் சுகமாக இருந்துவிட்டு ராத்திரி 10 டிகிரிக்கு இறங்கிவிடும். கும்பகோணத்து மார்கழிக்கே சால்வை தேடுகிற நமக்கு அது விளையாட்டு இல்லை. ஸ்வெட்டர், காலுறை, மங்கி குல்லா மூன்றும் வெட்கப்படாமல் எடுத்துப்போங்கள், அங்கே அமெரிக்கக்காரனே குல்லா போட்டுக்கொண்டுதான் தூங்குகிறான். இரண்டாவது, தரையில் படுத்து எழுந்திருப்பது. மூட்டு வலிக்காரர்களுக்கு அதுதான் பெரிய சோதனை, கூடாரத்துக்குள் மடக்குக் கட்டில் போடலாம், அதற்கு இடம் இருக்கிற மாதிரி, நிமிர்ந்து நிற்கிற உயரத்தில் கூடாரம் வாங்கச் சொல்லுங்கள். மூன்றாவது கழிப்பறை. தண்ணீர் விட்டுச் சுத்தம் செய்கிற நல்ல கழிப்பறைதான், குடிதண்ணீர்க் குழாயும் முகாமிலேயே உண்டு, ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் பிடித்துக்கொண்டு வேர் தடுக்காமல் நடந்து போக வேண்டும். தலையில் மாட்டுகிற விளக்கு வாங்கிக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். உள்ளே காகிதம்தான், நம் பழக்கத்துக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் மக் கைப்பையில் இருக்கட்டும். குளிக்கிற இடம் முகாமில் இல்லை, பக்கத்தில் கரி வில்லேஜுக்குப் போய்க் காசு கொடுத்துக் குளித்துவிட்டு வர வேண்டும், அங்கே போக இலவச பஸ் ஓடுகிறது.

இதெல்லாம் கேட்டபிறகும் முட்டி ‘வேண்டாம்’ என்று சொன்னால் மகனிடம் ஹவுஸ்கீப்பிங் கேம்ப் என்ற பெயரைச் சொல்லுங்கள். அதே மெர்செட் கரைதான். மூன்று பக்கம் கான்கிரீட் சுவர், மேலே கித்தான் கூரை, நாலாவது பக்கம் திரை, உள்ளே கட்டில். குளியலறையும் அங்கேயே உண்டு. ஆற்றங்கரையில் தங்கினோம் என்ற ஆசையும் தீரும், உங்கள் இடுப்பும் பிழைக்கும்.

திருவையாறு வாசகர்:
என் பையன் ஒவ்வொரு மாதமும் முகாம் பதிவு செய்ய உட்கார்கிறான், ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோச்சு என்கிறான். நம்புகிற மாதிரியா இருக்கிறது? நாங்கள் இங்கிருந்து ஏதாவது செய்ய முடியுமா?

நம்புங்கள் ஐயா. சில நேரம் ஒரு நிமிஷம்கூட ஆகாது. ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசு இணையதளத்தில் மாதாமாதம் 15-ம் தேதி, அவர்கள் மேற்குக் கரை நேரம் காலை 7 மணிக்கு, ஒரு மாதத்துக்கான தேதிகளை மொத்தமாகத் திறக்கிறார்கள். அதிகபட்சம் ஐந்து மாதம் முன்னால்வரை பதிவு செய்யலாம். நம் கணக்கில் அது ராத்திரி ஏழரை மணி, நவம்பர் தொடக்கத்தில் இருந்து மார்ச் வரை அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்திருக்கும் மாதங்களில் எட்டரை. பையனுக்கு விடிகாலை அலுப்பு, உங்களுக்கு சாயங்காலத்துக் காபி முடிந்து தெம்பாக இருக்கும் நேரம், அதனால் நீங்களும் ஒரு பக்கம் உட்காரலாம்தான். ஆனால் பதிவு பையன் பெயரில் இருக்கட்டும், யார் பெயரில் இருக்கிறதோ அவர் அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும், இன்னொருவருக்கு விற்கவோ மாற்றிவிடவோ கூடாது.

கிடைக்காவிட்டால் அதோடு முடிந்தது என்றும் இல்லை. பயணம் நெருங்க நெருங்க நிறையப் பேர் ரத்து செய்வார்கள். அந்தத் தளத்திலேயே இடம் காலியானால் தகவல் அனுப்பும் வசதி இருக்கிறது. சனி ஞாயிறை விட்டு செவ்வாய் புதன் என்று பார்த்தால் அதிர்ஷ்டம் கூடும். நார்த் பைன்ஸுக்கு முன்கூட்டியே குலுக்கல் வைக்கும் முறையும் வந்திருக்கிறது, அதிலும் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். கிடைத்த மகிழ்ச்சியில் பத்துப் பதினைந்து நாள் போட்டுவிட முடியாது, மே முதல் செப்டம்பர் பாதி வரை பள்ளத்தாக்கில் ஒருவருக்கு ஆண்டில் 7 இரவுதான்.

வாடகை ஒன்றும் பெரிதில்லை, பைன்ஸ் முகாம்களில் ஓர் இரவுக்கு 36 டாலர், ஆறு பேரும் அதற்குள் அடக்கம். செலவு வாசலில் இருக்கிறது. 2026 முதல் அமெரிக்காவில் குடியிருக்காத, 16 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் வழக்கமான கட்டணத்துக்கு மேல் 100 டாலர் என்று யோசெமிட்டி உட்பட 11 பூங்காக்களில் கொண்டுவந்துவிட்டார்கள். நீங்கள் இரண்டு பேரும் விசிட்டர் விசாவில் போகிறவர்கள், ஆகவே இது உங்களுக்குப் பொருந்தும். வெளிநாட்டவருக்கு 250 டாலரில் ஓர் ஆண்டுப் பாஸ் இருக்கிறது, கிராண்ட் கேன்யனும் திட்டத்தில் இருந்தால் எது லாபம் என்று பையனை உட்கார்ந்து கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

மயிலாடுதுறை வாசகி:
அங்கே போனால் சாப்பிட வேண்டுமே என்று புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி, மாவடு எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். மருமகளோ எதையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது, காரிலும் வைக்கக் கூடாது, தேங்காய் எண்ணெய் பாட்டில் முதற்கொண்டு வெளியே இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்கிறாள். உண்மையிலேயே அப்படி ஒரு சட்டமா, இல்லை என் மாவடு நாற்றம் பிடிக்காமல் சொல்கிறாளா?

மருமகள் சொன்னதில் ஓர் அட்சரம் பிசகு இல்லை. மாவடு அவளுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது உங்கள் குடும்ப விஷயம், நான் உள்ளே வரவில்லை.

அங்கே இருப்பவை கருங்கரடிகள். பெயர்தான் கருங்கரடி, பல கரடிகள் பழுப்பு நிறத்தில்தான் இருக்கும், யோசெமிட்டியில் சில நூறு இருப்பதாகச் சொல்கிறார்கள். மனிதரைத் தேடி வந்து அடிக்கிற ஜாதி இல்லை. ஆனால் அதன் மூக்குக்கு முன்னால் நம் வீட்டு மோப்ப நாயெல்லாம் ஒன்றுமே இல்லை, அப்புறம் பலம். கார்க் கதவின் மேல்விளிம்பில் நகத்தை மாட்டி அப்படியே கீழே மடித்துவிடும். 1998-ல் மட்டும் அந்தப் பூங்காவில் கரடி வண்டியை உடைத்தது, கூடாரத்தைக் கிழித்தது என்று 1,500-க்கு மேல் சம்பவங்கள் பதிவாயின. அதற்குப் பிறகுதான் முகாமெங்கும் இரும்புப் பெட்டி, ராத்திரியில் ரோந்து, அபராதம் என்று இறுக்கினார்கள், எண்ணிக்கையும் மளமளவென்று விழுந்தது. இன்றைக்கு சாப்பாட்டை வெளியே விட்டால் 5,000 டாலர் வரை அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கிறது.

இதில் பாவம் யாரென்றால் கரடிதான். ஒரு தடவை மனிதர் சாப்பாட்டு ருசி கண்ட கரடி காட்டில் பழமும் புழுவும் தேடிக்கொண்டிருக்காது, மறுபடி மறுபடி முகாமுக்கு வரும், பயம் தெளியும், யாரையாவது காயப்படுத்தும், கடைசியில் அதைக் கொல்ல வேண்டி வரும். ஒரு டப்பா மிக்சரை மேஜையில் மறந்துவிட்டுப் போனதற்கு இவ்வளவு.

பெட்டியின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்: அகலம் 45 அங்குலம், உள்ளாழம் 33, உயரம் 18. உயரம்தான் இடிக்கும், தூக்குவாளி, உயரமான எண்ணெய் டின், நிற்கவைக்கும் கூலர் எல்லாம் மூடி முட்டும், வீட்டிலேயே அளந்து பார்த்துத் தட்டையான டப்பாக்களாக மாற்றிவிடுங்கள். சாப்பாடு மட்டும் இல்லை, வாசனை உள்ள எல்லாமே உள்ளே போக வேண்டும். பற்பசை, சோப்பு, பவுடர், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், தலைவலித் தைலம், வெற்றிலைப் பெட்டி, ஊதுவத்தி, குப்பைப் பை, பேரக்குழந்தையின் பால்பாட்டில். இன்சுலின் வைத்த கூலரும் உள்ளேதான். முகாமில் பகலானாலும் அப்படித்தான், சமைக்கும்போதும் சாப்பிடும்போதும் தவிர மற்ற நேரம் கொண்டியை மாட்டியே வைத்திருக்க வேண்டும். ராத்திரி படுக்கும் முன் நைட்டிப் பாக்கெட், புடவை முந்தானை முடிச்சு வரை பாருங்கள், அதில்தான் நமக்குப் பாக்கும் மிட்டாயும் இருக்கும்.

சமைக்கத் தடை இல்லை, தாராளமாகத் தாளிக்கலாம். புளிக்காய்ச்சல் கொண்டுபோவது நல்ல யோசனை, சாதம் வடித்தால் வேலை முடிந்தது. இட்லி மாவை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அந்தக் குளிரில் மாவு ராத்திரி முழுக்க அப்படியே உட்கார்ந்திருக்கும், புளிக்காது. ரவையை வறுத்துக்கொண்டு போனால் காலையில் பத்து நிமிஷத்தில் உப்புமா. கருவாட்டைத் தயவுசெய்து மகன் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கரடியை நீங்கள் பார்க்காமலே திரும்பி வரலாம், அணிலைப் பார்க்காமல் வர முடியாது. தரையில் ஓடுகிற கொழுத்த அணில், கைக்கு வந்து கடிக்கும், தீனி போடாதீர்கள். நீலநிறத்தில் ஒரு பறவை, நம் காக்கைக்கு ஒன்றுவிட்ட தங்கை, தட்டில் இருந்தே கொத்திக்கொண்டு போகும்.

லால்குடி வாசகர்:
கொள்ளிடத்தில் நீந்தி வளர்ந்தவன் நான். கூடாரத்தில் இருந்து பத்தடியில் ஆறு ஓடுமாம், இறங்கக் கூடாது என்று இப்போதே மகள் தடை போடுகிறாள். ஆறு என்றால் ஆறுதானே?

இல்லை. இந்தக் கேள்விக்கு இவ்வளவே போதும், ஆனாலும் நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று தெரிகிறது, அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

நம் ஆறு மணல் ஆறு. வெயிலில் காய்ந்து வருகிற தண்ணீர், எவ்வளவு வருகிறது என்பது மேட்டூரில் எத்தனை ஆயிரம் கனஅடி திறந்தார்கள் என்பதில் இருக்கிறது, கல்லணைக்கு எப்போது வரும் என்று ஊரே முன்கூட்டிச் சொல்லிவிடும். மெர்செட்டுக்கு மேலே அணையே இல்லை, மலையில் கிடக்கிற பனிதான் அதன் அணை, வெயில்தான் மதகைத் திறக்கிறது. மே, ஜூனில் பனி உருகும்போதுதான் ஆறு நிரம்பி ஓடும், நீங்களும் அப்போதுதான் போகிறீர்கள். பகல் முழுக்க மேலே உருகியது கீழே வந்து சேர ராத்திரி ஆகிவிடும், ஆகவே சாயங்காலம் நீங்கள் பார்த்து வைத்த கல் காலையில் இருக்காது. தண்ணீர் இப்போதுதான் பனியாக இருந்தது என்பதை மறக்க வேண்டாம். அதில் திடீரென்று இறங்கினால் மூச்சு உள்ளே இழுத்துக்கொள்ளும், அடுத்த சில நிமிஷங்களில் கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காது, நீச்சல் தெரிந்தவன் தெரியாதவன் என்ற வித்தியாசம் அங்கேயே முடிந்துபோகிறது. போதாக்குறைக்கு அடியில் வழுக்குப் பாறை, குறுக்கே சாய்ந்து கிடக்கும் மரங்கள். தண்ணீர் கிளை நடுவே புகுந்து போய்விடும், ஆள் அதில் மாட்டிக்கொள்வான். யோசெமிட்டியில் உயிர்ப்பலிக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று நீரில் மூழ்குவதுதான், போட்டோவுக்காக ஈரப்பாறையில் நின்று விழுந்தவர்களும் அதில் சேர்த்தி. அருவிக்கு மேலே இருக்கும் ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர் என்றாலும் காலை வைக்காதீர்கள்.

கொள்ளிடத்தில் மட்டும் என்ன வாழ்கிறது, மணல் அள்ளிய பள்ளத்தில் போன பிள்ளைகள் கணக்கு உங்களுக்கே தெரியும். ஊர் ஆற்றை அறிந்தவன் அடுத்த ஊர் ஆற்றுக்குப் போனால் அந்த ஊர்க்காரனைக் கேட்டுவிட்டுத்தான் இறங்குவான். அங்கே கேட்க வேண்டியது ரேஞ்சரை. ஜூலை கடைசிக்கு மேல் தண்ணீர் வடிந்து மணல்திட்டு தெரியும்போது அமைதியான வளைவுகளில் ஜனங்கள் இறங்குகிறார்கள், ரப்பர் படகில் மிதக்கிறார்கள். அந்தச் சமயம் போனால் நீங்களும் முழங்காலளவில் நின்று ஆசை தீர்த்துக்கொள்ளலாம். மகள் பக்கத்தில் இருக்கட்டும்.

திருவிடைமருதூர் வாசகி:
ஆடிப்பெருக்கன்று நாங்கள் அந்த முகாமில்தான் இருப்போம். கல்யாணமான நாளில் இருந்து பதினெட்டாம் பெருக்கை விட்டதில்லை. அங்கே ஆற்றங்கரையில் காதோலை கருகமணி, காப்பரிசி வைத்துக் கும்பிட்டு, மாவிளக்கு ஏற்றி ஆற்றில் விடலாமா?

கும்பிடலாம். விடக் கூடாது. வேடிக்கையைப் பாருங்கள், நமக்கு ஆடிப்பெருக்கு என்றால் புதுப்புனல் நுரைத்துக்கொண்டு வரும் நாள், மெர்செட்டோ ஆகஸ்ட் மூன்றாம் தேதி வாக்கில் மெலிந்து கண்ணாடி மாதிரி தெளிந்து கிடக்கும், பெரிய அருவியான யோசெமிட்டி அருவிகூட அந்த மாதத்தில் பெரும்பாலும் வற்றிவிடும். அதனால் பெருக்கைத்தான் பார்க்க முடியாது, ஆற்றைப் பார்க்கலாம்.

தண்ணீரில் பூ, மஞ்சள், பழம், கருகமணி, எதையும் போட அனுமதி இல்லை, அது குப்பை என்றுதான் அங்கே கணக்கு. ஆகஸ்ட் என்றால் காட்டுத்தீக் காலம், புல்லெல்லாம் காய்ந்து நிற்கும், ஆற்றங்கரையில் திறந்த விளக்கு ஏற்றுகிற பேச்சே வேண்டாம். உங்கள் முகாம் மேஜையில் ஒரு தாம்பாளத்தை வைத்து, ஆற்றில் இருந்து ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து அதைக் காவேரியாக வைத்துக் கும்பிடுங்கள், பாட்டரி விளக்கு வைத்தால் அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள். மஞ்சள் சரடு மாற்றிக்கொண்டு பழையதைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவாருங்கள். சொம்புத் தண்ணீரில் மஞ்சள் கரைத்திருந்தால் அதைத் திரும்ப ஆற்றில் ஊற்றாமல், பாத்திரம் கழுவிய நீரை ஊற்ற முகாமில் தொட்டி இருக்கும், அங்கே கொட்டிவிடுங்கள். மனசு கேட்காதுதான், எனக்கும் கேட்காது. சித்ரான்னத்தை மட்டும் நிறையக் கிளறுங்கள், பக்கத்துக் கூடாரத்துக்காரர்களுக்கு ஒரு தட்டு கொடுத்துப் பாருங்கள், தேங்காய்ச் சாதத்துக்கு மயங்காத நாட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கொள்ளிடக் கரையில் இருந்து ஒரு வாசகர், ஊர் பெயர் போட வேண்டாம் என்கிறார்:
ஆற்றை ஒட்டி முகாம் என்கிறீர்கள். வெள்ளம் வந்தால்?

2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணை மதகுகள் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். அங்கேயும் வந்திருக்கிறது. 1997 ஜனவரி முதல் வாரம், மலையில் கிடந்த பனிமேல் வெதுவெதுப்பான மழை கொட்டி, பனியும் மழையும் சேர்ந்து இறங்கி, பள்ளத்தாக்கே இரண்டு மாதத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. அப்போது அப்பர் ரிவர், லோயர் ரிவர் என்று இரண்டு முகாம்கள் ஆற்றங்கரையிலேயே இருந்தன, இரண்டும் போயின. எனக்குப் பிடித்த விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. 1987-லேயே மெர்செட்டுக்குத் தடையில்லாமல் ஓடும் ஆறு என்று சட்டப் பாதுகாப்பு கொடுத்திருந்தார்கள், அதனால் அந்த இரண்டு முகாம்களையும் பழைய இடத்தில் திரும்பக் கட்டி முடித்துவிடவில்லை, ஆறு கேட்ட இடத்தை ஆற்றுக்கே விட்டார்கள். இன்றைக்கு இடம் கிடைக்காமல் உங்கள் பிள்ளைகள் விடியக்காலையில் கணினி முன்னால் தவம் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பக்கத்து ஊர்களில் வாய்க்காலைத் தூர்த்து மனை போட்டு விற்றவர்கள் இதைப் படிக்க வேண்டும், படிக்கமாட்டார்கள்.

ஆபத்து குளிர்காலத்திலும், பனி அதிகம் விழுந்த வருஷத்தின் வசந்தத்திலும்தான். 2023 ஏப்ரல் கடைசியில் வெள்ளம் வரும் என்று பள்ளத்தாக்கின் பெரும்பகுதியை முன்கூட்டியே மூடினார்கள். மூடினால் பதிவையும் அவர்களே ரத்து செய்து பணத்தைத் திருப்பிவிடுவார்கள். ராத்திரியோடு ராத்திரியாக அணை திறந்துவிட்டார்கள் என்ற பேச்சுக்கு அங்கே வழியில்லை.

தஞ்சாவூர் வாசகர்:
மூன்று குடும்பமாகப் போயிருந்தோம். ராத்திரி பத்தரை இருக்கும், பிள்ளைகளோடு பாட்டுக்குப் பாட்டு விளையாடிக்கொண்டிருந்தோம். ரேஞ்சர் டார்ச் அடித்துக்கொண்டு வந்து நிறுத்தச் சொன்னார். வெள்ளைக்காரர்கள் கிடார் வாசித்தபோது ஒன்றும் சொல்லவில்லை. இது பாரபட்சம் இல்லையா?

அவர்கள் எத்தனை மணிக்கு வாசித்தார்கள் என்று எழுதவில்லையே. ராத்திரி 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், எல்லா முகாமிலும் பலகையில் எழுதியிருக்கும். நடமாடும் வீடு மாதிரி வண்டியில் வந்து ஜெனரேட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் கறார், காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7, அவ்வளவுதான். பக்கத்தில் துணிச்சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு கைக்குழந்தை அப்போதுதான் கண் அசந்திருக்கும். மறுநாள் விடிகாலை நாலு மணிக்கு மலையேறப் போகிறவன் படுத்திருப்பான். நாம் சாதாரணமாகப் பேசுவதே நாலு வீட்டுக்குக் கேட்கும், அதுவும் ஊருக்கு வாட்ஸ்அப்பில் பேசும்போது. அங்கே சிக்னல் ஒழுங்காக இல்லாதது ஒரு வகையில் புண்ணியம்.

பாட்டுக்குப் பாட்டை ஏழு மணிக்கு, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ஆரம்பியுங்கள், யாரும் வரமாட்டார்கள், வந்தாலும் உட்கார்ந்து கேட்பார்கள். நெருப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. மே முதல் செப்டம்பர் வரை மாலை 5 முதல் 10 வரைதான் மூட்டலாம், புகை பள்ளத்தாக்கிலேயே தேங்கி நிற்கும் என்பதால். சுள்ளி பொறுக்கக் கூடாது, கீழே கிடந்தாலும் கூடாது, கடையில் கட்டு வாங்க வேண்டும்.

வேதாரண்யம் வாசகர்:
அமெரிக்கா போக வசதி இல்லாதவர்களுக்கு இந்த மாதிரி நம் பக்கம் ஏதும் உண்டா?

தேசியப் பூங்கா என்ற கணக்கில் டெல்டாவில் ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் இருப்பவை கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா என்று ஐந்து, அவற்றிலும் நினைத்த இடத்தில் சொந்தக் கூடாரம் போட முடியாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி உள்ளே நுழையவே வனத்துறை அனுமதி வேண்டும். நம்முடையது புலியும் யானையும் இருக்கிற காடு, கரடிக்குப் பெட்டி வைத்த மாதிரி யானைக்கு வைக்க முடியுமா.

ஆனால் நீங்கள் வேதாரண்யத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பஸ் ஏறினால் கோடியக்கரை. 1967 முதல் சரணாலயம், 2002-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலிலும் சேர்த்தார்கள். வெளிமான் துள்ளுவதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் காரெடுத்து வருகிறார்கள். நவம்பரில் இருந்து ஜனவரிக்குள் விடியற்காலையில் போங்கள், பூநாரை வந்திருக்கும். ராத்திரிக்கு உங்கள் வீட்டுத் திண்ணை இருக்கவே இருக்கிறது.

மன்னார்குடி வாசகர்:
அங்கே கொசு உண்டா?

உண்டு. பனி உருகித் தண்ணீர் தேங்குகிற ஜூனில் சாயங்காலமானால் சூழ்ந்துகொள்ளும், ஆகஸ்டில் குறைந்துவிடும். முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு கூடாரத்து ஜிப்பை உடனுக்குடன் மூடினால் போதும். மன்னார்குடிக்காரருக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்லித்தர.